என்8என்-இல் கூகுள் லாகின் திரும்பி வராவிட்டால்: லோக்கல்ஹோஸ்டா, டனலா, சொந்த டொமைனா?

சொந்த சர்வரில் ஓடும் என்8என் என்ற ஆட்டோமேஷன் கருவியில் கூகுள் ஷீட்ஸை இணைக்கும்போது ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ (திரும்பி வரும் முகவரி கூகுளில் பதிந்ததோடு பொருந்தவில்லை) என்று 400 எரர் வந்தால், பலரும் உடனே சர்வருக்கு ஒரு பொது முகவரி தரும் டனலைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. நீங்கள் அனுமதி கொடுத்ததும் கூகுள் உங்கள் சர்வரைத் தேடி வருவதில்லை. உங்கள் பிரவுசரைத்தான் கால்பேக் முகவரிக்கு, அதாவது லாகின் முடிந்து என்8என்-க்குத் திரும்பும் முகவரிக்கு, அனுப்புகிறது. ஷீட்ஸைத் திறக்கும் சாவியான டோக்கனை என்8என்-தான் வெளியே போய்க் கேட்டு வாங்குகிறது. ஆக, அந்த முகவரி உங்கள் பிரவுசருக்குத் திறந்தால் போதும்.

லோக்கல்ஹோஸ்ட் வழி நிற்பது இந்த அடிப்படையில்தான். எதையும் செட் செய்யாவிட்டால் கால்பேக் முகவரி லோக்கல்ஹோஸ்ட் (பிரவுசர் ஓடும் அதே கணினி), போர்ட் 5678 என்றே இருக்கும். கூகுள் எச்டிடிபிஎஸ் கேட்கும், வெறும் ஐபி முகவரியை ஏற்காது. ஆனால் லோக்கல்ஹோஸ்டுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. விபிஎஸ்ஸின் (வாடகை சர்வரின்) ஐபியைப் போட்டு எடிட்டரைத் திறப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அனுமதி வரை எல்லாம் சரியாகப் போகும். கடைசியில் பிரவுசர் உங்கள் லேப்டாப்பின் 5678-ஐத் தட்டும். அங்கே யாரும் இல்லை. எஸ்எஸ்எச் போர்ட் ஃபார்வர்டிங் மூலம் லேப்டாப்பின் 5678-ஐ சர்வரின் 5678-உடன் இணைத்து, எடிட்டரையும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறந்தால் வேலை முடிந்தது. பிறகு இணைப்பை மூடிவிடலாம், டோக்கன் புதுப்பிக்கக் கால்பேக் வேண்டாம். வெளிச் சேவைகள் தாமாக அனுப்பும் தகவலான வெப்ஹுக் மட்டும் இதில் எட்டாது.

கிளவுட்ஃப்ளேரின் குவிக் டனல் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதுப் பெயர் தரும். ஒவ்வொரு முறையும் கூகுள் கன்சோலில் பதிந்த முகவரியை மாற்ற வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வர 5 நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். வெப்ஹுக் சோதனைக்குச் சரி, லாகினுக்குத் தலைவலி.

வெப்ஹுக்கும் வேண்டும், நாலு பேர் பயன்படுத்தவும் வேண்டும் என்றால் சொந்த டொமைன்தான். கேடி என்ற வெப் சர்வரை முன்னால் போட்டால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தானாக வந்துவிடும். 80, 443 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். தவறுகள் நடப்பது என்8என் பக்கத்தில். ஹோஸ்ட் பெயரையும் எச்டிடிபிஎஸ்ஸையும் மட்டும் கொடுத்துவிட்டால் கால்பேக் முகவரியில் 5678 ஒட்டிக்கொண்டே வரும். ‘வெப்ஹுக் யூஆர்எல்’ என்ற என்8என் செட்டிங்கில் போர்ட் இல்லாத முழு முகவரியைக் கொடுங்கள். ‘எடிட்டர் பேஸ் யூஆர்எல்’ இருந்தால் கால்பேக்குக்கு அதுதான் முந்தும். பழைய மதிப்பு அங்கே கிடக்கிறதா என்று பாருங்கள். மாற்றியபின் டாக்கர் கம்போஸில் ‘ரீஸ்டார்ட்’ போதாது, புது மதிப்பு உள்ளே போகாது. ‘அப்’ கொடுத்தால்தான் கண்டெய்னர் புதிதாக உருவாகும். கிரெடென்ஷியல் திரையில் தெரியும் முகவரியை அப்படியே காப்பி செய்து கூகுளில் ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். கடைசி சாய்கோடு ஒன்று கூடினாலும் பொருந்தாது.

முகவரி பொருந்தியும் ‘அன்ஆதரைஸ்டு’ வந்தால், பிரவுசர் வைத்திருக்கும் லாகின் அடையாளமான குக்கியைச் சந்தேகியுங்கள். ஐபியில் லாகின் செய்து டொமைனில் திரும்பி வந்தால் குக்கி கூட வராது. வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கி கூட வரலாமா என்று சொல்லும் சேம்சைட்டை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வைத்திருந்தாலும் இதே கதிதான்.

எந்த வழியில் போனாலும் இன்னொன்று காத்திருக்கிறது. கூகுள் ஆப் ‘எக்ஸ்டர்னல்’ வகையில், ‘டெஸ்டிங்’ நிலையில் இருந்தால், டோக்கனைப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் செத்துவிடும். வாராவாரம் இணைப்பு அறுந்தால் ரீடைரக்டைக் குடையாமல் ‘புரொடக்ஷன்’ நிலைக்கு மாற்றுங்கள்.

ஷீட்ஸ் மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு ரீடைரக்டே இல்லாத சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்லாமல் நிரலுக்கான கூகுள் கணக்கு) இருக்கிறது: அதன் மின்னஞ்சல் முகவரிக்கு ஷீட்டைப் பகிர்ந்தால் போதும். சாதாரண ஜிமெயில் பெட்டியை மட்டும் அதால் திறக்க முடியாது.