சேலத்தில் கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வாங்க இறங்கி வருகிறவர்கள் கவனத்துக்கு

ஏற்காடு மலையிலிருந்து பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு வருகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 'இ-சேவை' என்று போர்டு மாட்டியிருக்கும் கடையெல்லாம் இ-சேவை மையம் இல்லை. அப்படி ஒரு கடையில் போன வருடம் என் அப்பா 3,900 ரூபாய் கொடுத்தார். கைக்கு வந்தது மூன்று போலிச் சான்றிதழ். அது போலி என்று தெரியாமலேயே என் தங்கை அவற்றை எடுத்துக்கொண்டு கலந்தாய்வுக்குப் போனாள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் ஊர் நாகலூர் பக்கம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. நான் கீழே செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். ரிசல்ட் வந்ததும் அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், வருமானச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மண்டியில் லீவு கிடைக்கவில்லை. நீங்களே ஒருநாள் வந்து முடித்துவிட்டுப் போங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மே மாதம் மலையிலிருந்து இறங்குவதே பெரிய பாடு. கோடை விழாவுக்கு வரும் வண்டிகள் எதிரே ஏறிக்கொண்டே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து பஸ் அஸ்தம்பட்டி வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். அரசு மையத்தில் கூட்டம், சர்வரும் மெதுவாக இருந்திருக்கிறது. வெளியே நின்ற ஒருவர், "ஐயா, மலையில இருந்தா வர்றீங்க? இங்க நின்னா இன்னைக்கு ஆகாது, பக்கத்துல நம்ம கடைதான்" என்று கூட்டிப் போயிருக்கிறார். கடைக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவ்வளவு மரியாதையாகப் பேசினாராம். "தம்பி நல்ல மாதிரியாத்தான் பேசுச்சு" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

அவர் போட்ட கணக்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் நீலப் பேனாவில் இருந்தது. சாதி 1,500. வருமானம் 800. முதல் பட்டதாரி 800. விண்ணப்பம் 600. ஜெராக்ஸ், லேமினேஷன் 200. ரசீது கேட்டதற்கு அந்தக் கார்டையே கொடுத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த ஐந்து வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் மோசடி எவ்வளவு முழுசானது என்பது புரியும்.

தங்கைக்குச் சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது, பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்தது. "அது பழசு, இப்ப செல்லாது, புதுசு எடுக்கணும்" என்றிருக்கிறார். சாதிச் சான்றிதழை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதில்லை, ஒருமுறை வாங்கினால் அதுவே நிரந்தரம். புதிதாகக் கேட்பது வருமானச் சான்றிதழ்தான். அதற்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பித்ததும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் அலுவலகம் என்று போகும். யாரும் விசாரிக்காமல் மூன்றே நாளில் சான்றிதழ் கையில் வந்தபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் பட்டதாரி சான்றிதழ் என்னைக் கொதிக்க வைத்தது. பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணச் சலுகைக்காக உள்ளது அது. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேரும் பெண்ணுக்கு அது எதற்கு? அதைவிட மோசம், நான் பி.காம். முடித்தவன். எங்கள் வீட்டில் பட்டதாரி இருக்கிறார். "வீட்டுல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா" என்று ஒரு வார்த்தை அவர் அப்பாவிடம் கேட்கவில்லை. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று, தங்கையின் பெயர் போட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டார். அது கல்லூரிக் கோப்புக்குள் போயிருந்தால் பொய் சொன்னவர்கள் நாங்களாகத்தான் இருந்திருப்போம்.

விண்ணப்பத்துக்கு 600. நாங்கள் பழங்குடியினர் (எஸ்.டி.). எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் கட்ட வேண்டியது பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை உதவி மையம் வைத்து அங்கேயே பதிவும் செய்து கொடுக்கிறார்கள். ஆக 62 ரூபாயில் முடிய வேண்டிய வேலை. 3,900 ரூபாய் மிளகு விற்ற பணம்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். விண்ணப்பத்தில் அவர் போட்ட செல்போன் எண் அவருடையது. மின்னஞ்சலும் அவருடையதே. "உங்களுக்கு மேல சிக்னல் கிடைக்காது, மெசேஜ் வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றாராம். தரவரிசைப் பட்டியல் வந்தது, கலந்தாய்வுக்கு அழைப்பும் வந்தது, அவர் சொல்லவே இல்லை. தங்கையோடு படித்த பெண்ணின் அம்மா சந்தைக்கு வந்த இடத்தில், "எங்க பாப்பாவுக்கு சீட்டு கிடைச்சிடுச்சு, உங்க பாப்பா எந்தக் குரூப் எடுத்தா?" என்று கேட்டபோதுதான் விஷயமே எங்களுக்குத் தெரியும். அதற்குள் முதல் கலந்தாய்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவள் ஆசைப்பட்டது கணினி அறிவியல். அது நிரம்பிவிட்டது.

இரண்டாம் கலந்தாய்வுக்கு நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் ஒரு பேராசிரியர். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் சாதிச் சான்றிதழில் நின்றுவிட்டார். "ஏம்மா, எஸ்.டி.க்கு தாசில்தார் கையெழுத்துல வந்திருக்கு? இதை எங்க வாங்கினீங்க?"

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் மலையாளி என்ற பழங்குடியினர், கேரள மலையாளிகள் இல்லை. பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் கொடுப்பது கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. 1989 நவம்பருக்கு முன்னால்தான் தாசில்தார் கொடுத்து வந்தார். அப்பாவின் சொந்தச் சான்றிதழ் அந்தக் காலத்தது. அதிலும் தாசில்தார் கையெழுத்துதான், அதனால் அவருக்கு இதில் எதுவுமே வித்தியாசமாகப் படவில்லை.

பேராசிரியர் வருமானச் சான்றிதழை எடுத்து அதிலிருந்த கியூஆர் கோடைத் தன் செல்போனில் ஸ்கேன் செய்து என்னிடம் காட்டினார். திரையில் வேறு யாரோ ஒரு ஆணின் பெயர், வேறு வட்டம். யாருக்கோ வந்த உண்மையான சான்றிதழை எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் அழித்துவிட்டு எங்கள் விவரத்தை ஒட்டியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தங்கையின் பெயர் இருந்த வரி மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் தடிமனாக இருந்தது. அவ்வளவு நாள் வீட்டில் வைத்திருந்தும் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அந்த மேடம் நல்லவர். சத்தம் போடவில்லை, நால்வர் முன்னால் அவமானப்படுத்தவும் இல்லை. "இதை நான் வாங்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க. பழைய சாதிச் சான்றிதழ் இருந்தா சாயங்காலத்துக்குள்ள கொண்டு வாங்க. வருமானம் ஸ்காலர்ஷிப்புக்குத்தான், அப்புறமா கொடுக்கலாம்" என்றார். ஆனால் பழைய சான்றிதழும் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் கடைக்காரரிடம். "ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்" என்று வாங்கி வைத்தவர், அப்பா கேட்ட போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளியிருக்கிறார். அன்று நேரில் போய் நின்றபோது இன்னும் 1,000 ரூபாய் கொடுத்தால்தான் ஒரிஜினல் வரும் என்றார். சேர்க்கையின்போது கல்லூரிகூட அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு எங்கிருந்து வந்தது அந்த உரிமை?

அந்தப் போலிச் சான்றிதழ்களை மேசைமேல் வைத்து, போலீசுக்குப் போகிறேன் என்றேன். உடனே பையை எடுத்துக் கொடுத்தார், 1,500 ரூபாயும் திருப்பித் தந்தார். மீதி வரவில்லை. டி.சி.யை லேமினேட் வேறு செய்திருந்தார், நடுவில் பெரிய காற்றுக்குமிழ். பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனபோது மணி நாலரை. தங்கைக்குத் தாவரவியல் கிடைத்தது. இப்போது அக்கறையாகத்தான் படிக்கிறாள். ஆனாலும் கணினி ஆய்வகத்தைக் கடந்து போகும்போது எட்டிப் பார்ப்பேன் என்று ஒருநாள் சொன்னாள்.

உண்மையான வருமானச் சான்றிதழை அப்புறம் ஏற்காட்டிலேயே எடுத்தோம். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, போட்டோ. கட்டணம் 60 ரூபாய், விண்ணப்ப எண் அச்சடித்த ரசீது உடனே கையில். ஒன்பது நாளில் வந்தது. இதற்காகச் சேலத்துக்கு இறங்கியிருக்கவே வேண்டாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பதிவு செய்து தர அந்தக் கடைக்காரர் தனியாக 500 கேட்டிருந்தார். தங்கை சேர்ந்த பிறகு அதைக் கல்லூரி வழியாகவே செய்தார்கள். மாணவியின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருந்தால் போதும். தங்கைக்கு இதில் இருந்த ஒரே சிக்கல் இன்ஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால். இதை மட்டும் ரிசல்ட் வருவதற்கு முன்பே பார்த்துச் சரி செய்து வையுங்கள்.

யார் பதிவு செய்து கொடுத்தாலும் உங்கள் வீட்டுச் செல்போன் எண்ணைத்தான் போடச் சொல்லுங்கள். மேலே சிக்னல் இல்லையென்றால் கீழே இருக்கும் சொந்தக்காரர் எண்ணைக் கொடுங்கள், கடைக்காரர் எண் மட்டும் வேண்டாம். இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் தரும் குடிமக்கள் கணக்கு எண்ணும் அந்தச் செல்போனோடு சேர்ந்ததுதான். எங்களுக்கு ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருந்தது, எண்ணை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலையே நடந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த விசிட்டிங் கார்டு, மூன்று போலிச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலையும் இணைத்து மனு கொடுத்தேன். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கும் போன் செய்து பதிவு செய்தேன். விசாரணைக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது போர்டில் 'இ-சேவை' என்ற எழுத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. கடை திறந்துதான் இருந்தது, உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படி ஒரு கடையில் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியிருந்தால், கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் இன்றைக்கே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் பிள்ளையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். செல்போனில் பார்க்கத் தெரியாதவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் காட்டிக் கேளுங்கள். வேறு பெயர் வந்தால் அதைக் கிழித்துப் போடாமல் மனுவோடு சேர்க்கப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.