திருமலையில் ஏழு வருடம், இரண்டு கடனட்டைகள்

2018இல் முதல் கடனட்டை எடுத்தபோது, கூடவே தந்த சலுகைப் பட்டியலைப் பார்த்துத்தான் மயங்கினேன். கொழும்பு ஹோட்டல்களில் இரவுச் சாப்பாட்டுக்குக் கழிவு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் லவுஞ்ச். நான் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். கொழும்புக்குப் போவதே வருடத்துக்கு இரண்டு தரம். இரவு ரயிலில் போய், அலுவல் முடித்து, அடுத்த இரவே திரும்பிவிடுவேன். மூன்று வருடம் வருடாந்தக் கட்டணம் கட்டியும் அந்தச் சலுகைகளில் ஒன்றையும் தொடவில்லை.

உண்மையில் வலித்தது வட்டி. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு லட்சம் ரூபாய் அளவில் பாக்கி வைத்து, மாதாமாதம் ஆகக்குறைந்த தொகையான 5 வீதத்தை மட்டும் கட்டி வந்தேன். 2022 ஏப்ரலில் வரம்பை எடுத்தார்கள். அந்த வருடத்துக்குள்ளேயே வட்டி 36 வீதத்துக்கு ஏறிவிட்டது. பில்லைக் கையில் வைத்துக் கணக்குப் போட்டேன்: கட்டுவது 5,000, அதில் 3,000 வட்டிக்கே போகிறது. போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பால்மாவுக்கும் அன்றிலிருந்தே வட்டி. மனைவியின் சீட்டுக் காசை எடுத்து முழுவதையும் அடைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் இரண்டாவது அட்டைக்குப் போகுமுன் மூன்று மாதச் செலவைக் கொப்பியில் எழுதினேன். மீன், மரக்கறி எல்லாம் காசுதான். அட்டையில் போகக்கூடியது பெற்றோல், சூப்பர் மார்க்கெட், அம்மாவின் மருந்து, மின்சார பில், அவ்வளவுதான். அதற்குத் தோதாக, வருடாந்தக் கட்டணம் குறைந்த சாதாரண அட்டை ஒன்றை எடுத்தேன். சம்பளம் எனக்கு 25ஆம் திகதி. பழைய அட்டைக்குக் காசு கட்டவேண்டிய கடைசி நாள் 18. கை வறண்டிருக்கும் நேரம். இந்த முறை முதலிலேயே கேட்டு, பில் 8ஆம் திகதியும் கடைசி நாள் 28ஆம் திகதியுமாக வைத்துக்கொண்டேன். பெரிய சாமான் எதையும் 9ஆம் திகதிக்குப் பிறகே வாங்குவேன். கிட்டத்தட்ட 50 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். வட்டி எவ்வளவு என்று பார்ப்பதைவிட இந்தத் திகதிப் பொருத்தம்தான் எனக்கு அதிகம் உதவியது.

மத்திய வீதியில் ஒரு கடையில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது, "தம்பி, கார்ட்டில எண்டா மூண்டு வீதம் கூட வரும்" என்றார் முதலாளி. அப்படி மேலதிகமாக வாங்கக்கூடாது என்பதுதான் விதி. மரியாதையாகச் சொன்னேன், விட்டுக்கொடுத்தார். வட்டியில்லாத் தவணையிலும் கவனம் வேண்டும்: தொடக்கத்தில் சேவைக் கட்டணம் எடுப்பார்களா என்று கேளுங்கள். முழு விலையும் உங்கள் கடன் எல்லையிலிருந்து கழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய அட்டையை வெட்டிப் போட்டால் கணக்கு மூடியதாகாது. நான் எட்டு மாதம் கழித்துத்தான் அறிந்தேன், அதில் இன்னொரு வருடாந்தக் கட்டணம் விழுந்து, தாமதக் கட்டணமும் சேர்ந்திருந்தது. நேரில் போய்க் கட்டி, கணக்கு மூடப்பட்டதாகக் கடிதம் வாங்கினேன். பிறகு கிரிப் (CRIB) எனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை எடுத்து, அந்த அட்டை மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் இப்போது வீட்டு உறுதியோடு ஒரே ஃபைலில் இருக்கின்றன.