டெரான்டெஸ், வெர்டெல்லோ, போவால்: மதீராவில் எதை வாங்குவது?

போர்ச்சுகலின் மதீராத் தீவு ஒயின்களில் டெரான்டெஸ் என்ற திராட்சை ரகத்துக்குத் தனி மவுசு. விலையும் அப்படித்தான். ஆனால் அபூர்வம் என்பதற்காக மட்டும் வாங்கினால் முதல் மடக்கிலேயே முகம் சுளிக்க நேரலாம். இனிப்பில் அதற்கு ஒரு பக்கம் வெர்டெல்லோ, மறுபக்கம் போவால். இரண்டும் டெரான்டெஸைவிட எளிதாகக் கிடைக்கும்.

மூன்றும் வெள்ளைத் திராட்சை. செய்முறையும் ஒன்றே. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 96 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துகிறார்கள். சீக்கிரம் சேர்த்தால் சர்க்கரை அதிகம் தங்கும். வெர்டெல்லோவில் லிட்டருக்குச் சுமார் 65 முதல் 80 கிராம், போவாலில் 80 முதல் 96 கிராம். டெரான்டெஸ் இந்த இரண்டில் எந்தப் பக்கமும் சாயும். அதனால் பெயரோடு நிற்காமல் லேபிளில் ‘மெயோ செக்கோ’ என்றிருக்கிறதா, ‘மெயோ டோசே’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்னதில் இனிப்பு குறைவு, பின்னதில் கூடுதல்.

டெரான்டெஸ் அருகியதற்குக் காரணம் கொடியிலேயே இருக்கிறது. மெல்லிய தோல், நெருக்கமான குலை. உள்ளே ஈரம் தங்கினால் ஒரு பழத்தில் தொடங்கும் அழுகல் குலை முழுக்கப் பரவும். விளைச்சலும் சொற்பம். 1850-களில் சாம்பல் நோயும், 1872-இல் ஃபிலாக்செரா பூச்சியும் தீவின் தோட்டங்களை அழித்தபின், மறுபடி நட்டவர்கள் இதைத் தேடவில்லை. நிறைய காய்க்கும் ரகங்களுக்குப் போய்விட்டார்கள். டெரான்டெஸ் பழத்தைத் தின்னாதே, யாருக்கும் கொடுக்காதே, கடவுள் அதை ஒயினுக்கென்றே படைத்தார் என்பது அந்த ஊர்ப் பழமொழி.

சுவையில்தான் உண்மையான வித்தியாசம். வெர்டெல்லோவில் புளிப்பு முன்னால் நிற்கும், லேசான புகை வாசத்தோடு சுத்தமாக முடியும். போவாலில் உலர்திராட்சையும் காபியும் காய்ச்சிய சர்க்கரையும் வந்து, புளிப்பை இனிப்பு மூடிக்கொள்ளும். டெரான்டெஸ் இனிப்பாகத் தொடங்கும், நடுவில் புளிப்பு வெட்டும், விழுங்கியபின் நார்த்தங்காய்த் தோலைக் கடித்ததுபோல ஒரு கசப்பு அடிநாக்கில் எழும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, அந்த ரகத்தின் கையெழுத்தே அதுதான். கசப்பு பிடிக்காதவர் காசைச் சேமித்து நல்ல போவால் வாங்கலாம்.

அடுத்தது வயது. ஒரே ஆண்டு அறுவடையின் ஒயினை மரப்பீப்பாயில் குறைந்தது 5 ஆண்டு வைத்தால் கொல்யெய்ட்டா, குறைந்தது 20 ஆண்டு வைத்தால் ஃப்ரஸ்கெய்ரா. வெதுவெதுப்பான பரண்களில் பீப்பாய்கள் கிடக்க, ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிறது. மிஞ்சுவதில் சர்க்கரை, புளிப்பு எல்லாமே செறிகின்றன. வெர்டெல்லோவும் போவாலும் இதனால் ஆழம் பெறுகின்றன. டெரான்டெஸில் கசப்பும் கூடவே கூர்மையாகிறது. வயது அளவு மீறினால் நெயில் பாலிஷ் நெடி மேலோங்கும். அதனால் முதல்முறை வாங்குபவருக்கு எங்கள் சிபாரிசு டெரான்டெஸ் கொல்யெய்ட்டா. ஃப்ரஸ்கெய்ரா அதற்குப் பிறகு. அறுவடை ஆண்டோடு, பாட்டிலில் அடைத்த ஆண்டையும் கவனியுங்கள். பீப்பாயில் கழிந்த காலம்தான் ஒயினை மாற்றுகிறது. கண்ணாடிக்குள் மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும்.

வாங்கியபின் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹாலும் புளிப்பும் தக்கையை அரித்துவிடும். பல ஆண்டு மூடியிருந்த ஒயின் திறந்தவுடன் முடங்கிய வாடை அடிக்கும். பாட்டிலில் இருந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தால் அது விலகும். ஊற்றும்போது அடிமண்டி கலங்காமல் கடைசி விரற்கடை அளவை விட்டுவிடுங்கள். வெப்பமும் காற்றும் ஏற்கெனவே பட்டுத் தேறிய ஒயின் என்பதால் மூன்றுமே திறந்தபின் மாதக்கணக்கில் தாங்கும்.

மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதானால் வெர்டெல்லோ, டெரான்டெஸ், போவால் என்ற வரிசையில் 14 டிகிரி செல்சியஸ் வாக்கில் குளிரவைத்து ஊற்றுங்கள். போவாலுக்குப் பிறகு டெரான்டெஸ் வந்தால் நாக்கில் கசப்பு மட்டும்தான் தெரியும்.