வாடை அடித்த மறுநாள்: சேற்றுத் திட்டா, ஆழ்குழியா, கீஸ் தீவுகளா?

ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலி இரை) தூண்டிலோடு கிளம்புகிற யாருக்கும் விடிந்ததும் எழும் கேள்வி: இன்றைக்கு எந்தப் பக்கம் போவது? கோடையில் இது பெரிய விஷயமே இல்லை. நீர் எங்கும் சூடாக இருக்கும், மீனும் எங்கும் பரவிக் கிடக்கும். குளிர்காலத்தில் அப்படியில்லை. திங்கட்கிழமை ஒரு அடி நீரில் வாலாட்டிக்கொண்டிருந்த மீன், புதன்கிழமை எட்டடிக் குழியின் அடியில் அசையாமல் கிடக்கும்.

பொதுவாக மூன்று வழிகளைச் சொல்வார்கள். அலையாத்திக் காடுகளை ஒட்டிய ஆழமில்லாத சேற்றுத் திட்டுகள், ஓடைகளிலும் கால்வாய்களிலும் உள்ள ஆழ்குழிகள், இரண்டும் வேண்டாமென்றால் வண்டியைத் தெற்கே விட்டு, ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவுச் சங்கிலியான கீஸ் தீவுகள். கடற்கரை மணலோரத்தை நான்காவதாகச் சிலர் சேர்ப்பதுண்டு. அலை கலக்கிவிட்ட நீரில் வாடையை எதிர்த்து ஃப்ளை வீசுவது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மூன்றில் எது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வாடை அடித்து எத்தனை நாளாயிற்று என்பதுதான் கணக்கு. வடக்கேயிருந்து கோல்டு ஃப்ரண்ட், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று இறங்கும். அதற்கு முந்தைய நாள் தெற்கு, தென்மேற்குக் காற்று, மூட்டமான வானம், வெதுவெதுப்பு. அந்த அரை நாள் மீன் எங்கும் நன்றாக இரையெடுக்கும், அன்றைக்கு எந்த இடமும் சரிதான். பிறகு ஒரு மழை, அதன் முதுகில் வடமேற்கு வாடை. மேகம் விலகி வானம் பளிச்சென்று ஆகிவிடும், நீர் சில்லிட்டுப் போகும். அடுத்த இரண்டு மூன்று நாளில் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று சுற்றிக்கொண்டு வந்து மறுபடி கதகதப்பாகும்.

வாடைக்கு இன்னொரு குணமும் உண்டு. விரிகுடாக்களிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். இந்தக் கரையில் குளிர்காலத்துக் காலை வற்றம் ஏற்கெனவே ஆண்டிலேயே தாழ்வானது. அதோடு வாடையும் சேர்ந்தால், ஏற்றவற்ற அட்டவணை காட்டுவதைவிட நீர் இன்னும் கீழே போகும். ஃப்ளமிங்கோ என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்னேக் பைட் போன்ற திட்டுகளில் அட்டவணையை மட்டும் நம்பிப் படகைவிட்டால், ஏற்றம் திரும்பும்வரை சேற்றிலேயே உட்கார வேண்டியதுதான்.

சரி, முதலில் சேற்றுத் திட்டு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஃப்ரண்ட் கடந்த மூன்றாம் நாள், பிற்பகலில். கருஞ்சேறு வெயிலை நன்றாக உறிஞ்சும். காலையில் 14 டிகிரி செல்சியஸ் காட்டிய நீர், காற்று ஓய்ந்த நாளில் பிற்பகல் 2 மணிக்கு 18 டிகிரியைத் தொட்டுவிடலாம். அந்த நேரத்தில் ஏற்றமும் மெல்ல ஏறினால், சூடேறிய சேற்றின்மேல் பரவும் நீர் இன்னும் வெதுவெதுப்பாகும். ரெட்ஃபிஷ் அதைத் தேடி வரும். இது குளிரைத் தாங்கும் மீன், மற்றவை வாய்மூடிக் கிடக்கும் நீரிலும் இரையெடுக்கும். வெள்ளைமணல் திட்டை விட்டுவிட்டு, கருமையான அடித்தளமும் கொஞ்சம் கடற்புல்லும் உள்ள, வாடைக்கு மறைவான வடக்கு ஓரத்தைத் தேடுங்கள். மடவை துள்ளுகிறதா என்றும் பாருங்கள். அது நிற்கும் இடத்தில் உயிர் இருக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு, பாசித்துகளும் குறைவு. காற்று கலக்காத நாளில் நீர் கண்ணாடியாக இருக்கும். மீனைக் கண்ணால் பார்த்து வீசும் சுகம் வேறெங்கும் இந்த அளவு கிடைக்காது. அதே தெளிவால் மீனுக்கும் நாம் தெரிவோம். லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையிலுள்ள லீடர் நரம்பைப் பன்னிரண்டு அடிக்கு நீட்டுங்கள், நுனி நரம்பை மெல்லிசாக்குங்கள். ஃப்ளையை மூழ்கவைக்க முள்ளில் கட்டும் உலோகக் கண்களில் கனமான டம்பெல் கண் வேண்டாம், இலேசான மணிச்சங்கிலிக் கண் போதும். ஒரு அடி நீரில் டம்பெல் விழும் சத்தத்துக்கே மீன் கலைந்து ஓடிவிடும்.

குளிர்ந்த நீரில் ரெட்ஃபிஷ் துரத்தாது. திட்டின் ஓரத்தில் செம்புநிறக் கட்டையைப் போல் அசையாமல் கிடக்கும். நேராகத் தலைமேல் போடாமல், அதைத் தாண்டி வீசி, இறால் ஃப்ளையை மெதுவாக இழுத்து மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். அது அடியில் இறங்கும்போது சேறு சிட்டிகையளவு புகையும். மீனின் முன்துடுப்பு அசையும், உடல் ஒரு விரற்கடை திரும்பும். அவ்வளவுதான் அறிகுறி. அந்த நேரத்தில் கம்பைத் தூக்கினால் போச்சு. லைனைக் கையால் நீளமாக ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

திட்டின் குறை என்னவென்றால் காலை முழுக்க அங்கே வேலையில்லை. சூரியன் தாழ்வாக இருப்பதால் பத்து மணிக்கு முன் நீருக்குள் எதுவும் சரியாகத் தெரியாது. ஃப்ரண்ட் கடந்த முதல் நாள் திட்டு பெரும்பாலும் காலி.

அந்த முதல் நாளுக்கு உரியவை ஆழ்குழிகள். டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் என்ற தீவுக்கூட்டத்து ஓடைகளின் வளைவுகள், படகுத்துறைப் பள்ளங்கள், குடியிருப்புக் கால்வாய்களின் முட்டுச்சந்துகள் எல்லாம் இதில் அடக்கம். ஆழமான நீர் மெதுவாகக் குளிரும், அதனால் திட்டிலிருந்து விரட்டப்பட்ட மீன்கள் அங்கே குவியும். எண்ணிக்கை வேண்டுமென்றால் இதுதான் வழி. சீ ட்ரௌட், கரும் ட்ரம், ஷீப்ஸ்ஹெட், ஸ்னூக் என்று ஒரே குழியில் கலந்து கிடக்கும். கண்ணால் பார்த்து வீசுவதற்கில்லை. மூழ்கும் லைன், டம்பெல் கண் வைத்த கிளௌசர் ஃப்ளை, அடியைத் தொடும்வரை பொறுமை, பிறகு மிக மெதுவான குட்டி இழுப்புகள்.

எனக்கு இதில் மனம் முழுதாக ஒட்டாததற்குக் காரணம் ஸ்னூக். பார்வைக்கு நம் கொடுவாவின் உறவுக்காரன் போலிருக்கும் இந்த மீன் வெப்பக் கடலுக்குப் பிறந்தது. நீர் 15 டிகிரியை நெருங்கினாலே சோர்ந்துவிடும், 10 டிகிரியை ஒட்டினால் செத்து மிதக்கும். 2010 ஜனவரியில் விடாமல் அடித்த குளிரில் இந்தக் கரை முழுக்க ஸ்னூக் கொத்துக்கொத்தாகச் செத்தது. டார்ப்பன் மீன், மானட்டி என்ற கடற்பசு, கீஸ் பக்கத்துப் பவளம் என்று எதையும் அந்தக் குளிர் விடவில்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ஸ்னூக் பிடித்து வைத்துக்கொள்வதை ஃப்ளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் 2013 ஆகஸ்ட் முடியும்வரை தடை செய்தது. சாதாரண ஆண்டுகளிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய அங்கே ஸ்னூக்கை வைத்துக்கொள்ளக் கூடாது, பிடித்தால் விட்டுவிட வேண்டும்.

சட்டப்படி பிடித்து விடலாம் என்பது சரி. ஆனால் நீர் 13 டிகிரியில் நிற்கும்போது குழியில் ஒதுங்கியிருக்கும் ஸ்னூக்கைப் போராடவைத்து, படத்துக்காகக் குளிர்காற்றில் தூக்கிப் பிடிப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அப்படிப்பட்ட நாளில் ஷீப்ஸ்ஹெட்டும் ட்ரௌட்டும் இருக்கும் குழியைத் தேடுங்கள். ஸ்னூக் மாட்டிக்கொண்டால் சீக்கிரம் கொண்டுவந்து, நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடுங்கள்.

கீஸ் தீவுகளுக்கு எதிர்பார்ப்போடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போன்ஃபிஷ் கனவோடு போவார்கள். அது நீர் 21 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் திட்டில் ஏறும். தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஃப்ளோரிடா பே மிகவும் ஆழமில்லாதது, வாடை பட்டதும் சட்டென்று குளிர்ந்துவிடும். தீவுகளின் அட்லாண்டிக் பக்கம் அப்படியில்லை. வெளியே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டத்தின் சூடு அங்கே ஆறுதல் தரும், தீவுகளே வாடைக்குத் தடுப்பாகவும் நிற்கும். மிதமான ஃப்ரண்ட் என்றால் இரண்டொரு நாளில் போன்ஃபிஷ் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கடுமையானதென்றால் அந்த வாரம் அதை மறந்துவிடலாம்.

ஆனால் கீஸ் போகத் தகுந்த காரணம் சீலா. ஜனவரி முதல் மார்ச் வரை பெரிய சீலாக்கள் திட்டின் மணல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும், போன்ஃபிஷ் ஓடிப்போன நாளிலும். கம்பி நுனி, ஒல்லியான நீளப் பச்சை ஃப்ளை, நெடுந்தூர வீச்சு. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அதற்குப் போதாது. குளிர்காலத்தில் மெதுவாக இழு என்ற பாடத்துக்கு ஒரே விலக்கு இதுதான். தூரத்திலிருந்து வந்து ஒரு வாரம் மட்டும் தங்குகிறவருக்கு நான் கீஸையே சொல்வேன். இங்கேயே இருந்து நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறவருக்குச் சேற்றுத் திட்டு.

கைவசம் ஒரே நாள், அது ஃப்ரண்ட் கடந்த இரண்டாம் நாள் என்றால் குழியையும் திட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் குழியின் வாயில் தொடங்கி, பதினொரு மணிக்குமேல் ஏற்றத்தோடு நகர்ந்து, பக்கத்துக் கருஞ்சேற்றுக்குப் போங்கள். எட்டாம் எண் கம்பு இரண்டுக்கும் போதும். ரீல் மட்டும் இரண்டு வேண்டும், ஒன்றில் மிதக்கும் லைன், மற்றொன்றில் மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட். வெப்பநாட்டுக்கென்று செய்த விறைப்பான லைன் குளிர்ந்த காலையில் சுருள்சுருளாக நிற்கும், வீசும்போது வளையத்தில் மாட்டும். படகில் ஏறுவதற்கு முன் முப்பது முப்பத்தைந்து அடியை உருவி, இரு முனையையும் பிடித்து நன்றாக நீட்டிவிட்டுக் கிளம்புங்கள்.