டெக்சாஸ் வீட்டில் நான்கு ஆண்டுகள் ஹோம் வாரன்டி: எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை

2020 ஆகஸ்டில், டாலஸ் புறநகரில் 2003-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கினோம். ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் வீட்டோடு சேர்ந்து வயதானவை என்று ஆய்வு அறிக்கை சொன்னது. விலையைக் குறைக்க மனமில்லாத உரிமையாளர், முதல் ஆண்டுக்கான ஹோம் வாரன்டியைத் தம் செலவில் எடுத்துத் தருவதாகச் சொல்ல, நாங்களும் ஒப்புக்கொண்டோம். எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்பதை நாங்களே தேர்ந்தெடுத்திருக்கலாம். அதைக் கேட்கக்கூடத் தோன்றாமல் ஏஜென்ட் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டோம்.

மிக்ஸி வாங்கியதும் வாரன்டி அட்டையில் கடை முத்திரை வாங்கிப் பழகிய நமக்கு, 'வாரன்டி' என்ற சொல்லே சற்றுத் தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது. பழைய வீட்டுக்கு எடுக்கப்படும் ஹோம் வாரன்டியில் தயாரித்தவரின் உறுதிமொழி எதுவும் இல்லை. நம் ஊரில் ஏ.சி.க்கும் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும் போடுகிறோமே ஏ.எம்.சி., அதைப் போன்ற ஓராண்டுச் சேவை ஒப்பந்தம்தான் அது. வீட்டுக் காப்பீடு இதிலிருந்து முற்றிலும் வேறானது. சுவருக்குள் ஒரு குழாய் திடீரென உடைந்தால், நனைந்து கெட்ட தரைக்கும் சுவருக்கும் காப்பீடு பொறுப்பேற்கும். தேய்ந்துபோன அந்தக் குழாயைச் சரிசெய்வது ஹோம் வாரன்டியின் வேலை. புது வீடு வாங்குவோருக்குக் கட்டுநர் தரும் உத்தரவாதம் மூன்றாவது வகை: பொதுவாக வேலைத்தரத்துக்கும் பொருளுக்கும் 1 ஆண்டு, மின்சாரம், குழாய், குளிரூட்டும் அமைப்புகளுக்கு 2 ஆண்டுகள், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 10 ஆண்டுகள்.

எங்களுக்கு உண்மையான சோதனை 2021 ஜூலையில், முதல் ஆண்டு முடிய மூன்று வாரமே இருந்தபோது வந்தது. வெளியே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டிருக்க, ஏ.சி.யின் உட்புறக் காயிலில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாயில், கசிவு ஏற்பட்டது. நிறுவனம் அனுப்பிய மெக்கானிக் மூன்றாம் நாள்தான் வந்தார். அவர் போன பிறகு, பராமரிப்பு சரியில்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த வசந்தத்தில் செய்த சர்வீஸின் ரசீதையும், வாங்கும்போது ஏ.சி. ஒழுங்காக ஓடியது என்று காட்டும் ஆய்வு அறிக்கையையும் அனுப்பி, எழுத்து வடிவில் மறுபரிசீலனை கேட்டோம். ஒரு வாரத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அந்த ரசீதை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்தது தற்செயல்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகுதான் ஒப்பந்தத்தின் உண்மையான எல்லை புரிந்தது. எங்களுடையது ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் பழைய ஏ.சி. 2020 ஜனவரி 1 முதல் அந்த வாயுவை அமெரிக்காவில் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ தடை இருப்பதால், காயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. வெளி யூனிட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. புதிய இயந்திரங்களின் விலையை நிறுவனம் ஏற்றது. ஆனால் பழைய வாயுவை முறைப்படி வெளியேற்றுவது, காற்றுக்குழாயைப் புதிய அளவுக்கு மாற்றியமைப்பது, நகராட்சி அனுமதி என இயந்திரத்தைச் சுற்றியுள்ள வேலைகள் அனைத்தும் என் கணக்கில் சேர்ந்து 1,850 டாலர் ஆயின. வேலைக்குப் பதிலாக 1,900 டாலர் பணமாகத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அது தங்களுக்கு ஆகும் அடக்க விலையை வைத்துப் போட்ட தொகை. வெளியில் கேட்ட விலை 8,500 டாலர் என்பதால் மறுத்துவிட்டேன்.

2022-இல் வாட்டர் ஹீட்டரும் இதே பாதையில் போனது: தொட்டி இலவசம், இன்றைய கட்டட விதிகள் கேட்கும் கூடுதல் பாகங்களுக்கு 410 டாலர் நம்முடையது. அடுத்த ஆண்டு கதவுகள் சட்டத்தில் இறுகத் தொடங்கியபோது அழைத்துப் பார்த்தேன். டாலஸின் களிமண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி அடித்தளத்தை அசைப்பது இங்கே வாடிக்கை. அடித்தளம் ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. அது விலக்குகள் பகுதியில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. நான்தான் 'அடங்குபவை' என்ற பக்கத்தோடு வாசிப்பை நிறுத்தியிருந்தேன்.

இரண்டாம் ஆண்டு முதல் சந்தா எங்களுடையது: 560, 610, 685 டாலர். இது தவிர, ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் 75 டாலர் வீதம் ஏழு முறை. ஏ.சி. ஒன்றாலேயே இந்தக் கணக்கு எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. அது இல்லாவிட்டால் நிச்சயமாக நட்டம்தான். வயதான இயந்திரங்கள் உள்ள வீட்டை வாங்குவோர், விற்பவர் செலவில் முதல் ஆண்டுக்கு இதைப் பெறுவதை நான் ஆதரிப்பேன். ஆனால் கையெழுத்திடும் முன், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நிறுவனம் தரும் உச்சவரம்புத் தொகையையும், வாங்குவதற்கு முன்பே இருந்த பழுது பற்றிய விதியையும் படித்துவிடுவது நல்லது.

பெரிய இயந்திரங்கள் இரண்டும் புதிதாகிவிட்டதால் 2024 ஆகஸ்டில் நாங்கள் புதுப்பிக்கவில்லை. சந்தாப் பணத்தை இப்போது தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். அதிலிருந்து முதலில் போன தொகை, கராஜ் கதவின் உடைந்த ஸ்பிரிங்குக்காக 240 டாலர். நாங்களே அழைத்த மெக்கானிக் அன்று மாலையே வந்து மாற்றிவிட்டுப் போனார்.