68,500 ராண்ட் போச்சு: குளிர் ஊரில் கான்கிரீட் முற்றம் போடுகிறவர்கள் பணம் கட்டுமுன் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்திலோ ஃப்ரீ ஸ்டேட்டிலோ வீடு வைத்திருந்து, பின்பக்கம் கான்கிரீட் முற்றமும் நடுவில் நெருப்புக் குழியும் போட நினைத்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். எங்களுக்குப் போனது 68,500 ராண்ட். அதில் ஒரு சென்ட் கூடத் திரும்பவில்லை. போட்ட தளம் இப்போது நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது.

ஆள் கிடைத்தது, வீட்டுவேலைக்கு ஒப்பந்தக்காரர்களைப் பிடித்துத் தருகிற ஒரு செயலி வழியாக. பெயர் சொல்லப் போவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை முத்திரை, ஐந்துக்கு 4.8 நட்சத்திரம். இடம் அண்டர்பர்க், கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். விடிகாலையில் புல் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கும்.

அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியில்கூடக் குறை சொல்ல முடியாது. 6 மீட்டருக்கு 5 மீட்டர், 100 மில்லிமீட்டர் கனம். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு 150 மில்லிமீட்டர் ஜி5 கிராவல் (அடித்தளத்துக்கான சரளைக் கல்), இரண்டு அடுக்காகப் போட்டு இடித்து இறுக்குவது. ரெஃப் 193 மெஷ், அதாவது கம்பி வலை, அதைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டைகள் மேல். ஆலையிலேயே கலந்து லாரியில் வருகிற 30 எம்பிஏ (மெகாபாஸ்கல், கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் அலகு) ரெடிமிக்ஸ், பனி தாங்குவதற்காக 5 முதல் 6 சதவீதம் நுண்காற்றுக் குமிழி சேர்த்தது. வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 50க்கு 1 வாட்டம். சுவரோரமும் குழியைச் சுற்றியும் 10 மில்லிமீட்டர் ஃபோம் இடைவெளி. குழி உள்விட்டம் 900 மில்லிமீட்டர், உள்ளே சூடு தாங்கும் ஃபயர் பிரிக் செங்கல், தளத்தோடு ஒட்டாத தனி அடித்தளம். விவரம் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாக எழுத மாட்டார்கள். ஏமாற்றம் தொடங்கிய இடமே அந்தத் தாள்தான்.

நேரில் வந்தபோது வாசலிலேயே "வணக்கம் அண்ணா" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவருக்குத் தமிழ் வராது, ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குதிகாலால் மண்ணைக் குத்திப் பார்த்தார், சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 150 மில்லிமீட்டர் கீழேதான் தளம் முடியவேண்டும் என்று அவராகவே சொன்னார். இத்தனை தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? முன்பணம் 27,400 அன்று மாலையே போனது. கான்கிரீட் போடுவதற்கு முன் இன்னொரு 27,400, வேலை முடிந்ததும் 13,700. மொத்தம் 68,500.

நாங்கள் இருப்பது டர்பனில், அண்டர்பர்க்கிலிருந்து 200 கிலோமீட்டர் தூரம். வேலை நடந்த வாரம் எல்லாமே வாட்ஸப் படங்களாகத்தான் வந்தன. இரண்டாவது தவணையைக் கொடுக்க வைத்த படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். விரித்த மெஷ், அதன் மேல் இழுத்து வைத்த அளவு டேப், வலைக்கண் ஒவ்வொன்றும் 200 மில்லிமீட்டர். கீழே ஒரு வரி: "ரெஃப் 193, பாருங்கள் அண்ணா." பார்த்தோம், பணம் அனுப்பினோம். ஆனால் ரெஃப் 100 மெஷ்ஷுக்கும் கண் அதே 200 மில்லிமீட்டர்தான்! வித்தியாசம் கம்பியின் தடிமனில் இருக்கிறது. 193க்கு 5.6 மில்லிமீட்டர், 100க்கு 4 மில்லிமீட்டர். வலைக்கண்ணை அளந்து காட்டுகிற படம் எதையும் நிரூபிக்காது. கம்பியின் குறுக்கே காலிப்பர் வைத்து எடுத்த படம் வேண்டும். அதைவிட எளிது எடை பார்ப்பது. 6க்கு 2.4 மீட்டர் தாள் ஒன்று ரெஃப் 193 என்றால் கிட்டத்தட்ட 28 கிலோ, ரெஃப் 100 என்றால் 14 கிலோ. பாதிக்குப் பாதி.

லாரி வரவே இல்லை. ஒரு பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) சிமென்ட் மூட்டை வந்தது. புல்தரையில் கொட்டி, ஹோஸ் பைப்பால் கண்மட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலந்திருக்கிறார்கள். கன மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் கூடினாலே பலத்தில் சுமார் 1 எம்பிஏ, ஒன்றரை எம்பிஏ போய்விடும். ஹோஸில் விட்டவர்களுக்கு லிட்டர் கணக்கு ஏது? காற்றுக் குமிழிக்கான ரசாயனம் மருந்துக்கும் இல்லை. உறையும் தண்ணீர் 9 சதவீதம் பருக்கிறது. அந்தப் பருமனுக்கு இடம் கொடுப்பவை அந்தக் குமிழிகள்தான். இல்லையென்றால் ஒவ்வொரு பனிக்கும் மேல்தோல் பொருக்காகக் கழன்று வரும்.

அதைவிடப் பெரிய பாவம், கான்கிரீட் போட்ட நேரம். மாலை 3 மணி. மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் விரல் கனத்துக்கு ஐஸ் உடைத்திருக்கிறார். புதுக் கான்கிரீட் சுமார் 3.5 எம்பிஏ பலம் பிடிக்கும்வரை ஒரு தடவைகூட உறையக் கூடாது. 10 டிகிரிச் சூட்டில் வைத்திருந்தால் அந்தப் பலம் வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதற்கு முன் உறைந்தால் பின்னால் எவ்வளவு நனைத்து ஆற்றினாலும் இழந்த பலம் திரும்பாது; பாதி வரைக்கும் போகலாம். செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை பத்து மணிக்குள் போட்டு முடிக்கவேண்டும். உறைந்த மண்மேல் போடக்கூடாது. வேண்டுமானால் கலவைத் தண்ணீரை 60 டிகிரிக்கு மிகாமல் சூடாக்கலாம். தளம் இறுகத் தொடங்கியதும் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் பழைய கம்பளியோ வைக்கோலோ கனமாகப் போட்டு, ஐந்தாறு இரவு அப்படியே விடவேண்டும். ஓரங்கள்தான் முதலில் உறையும், அங்கே இரட்டைப் போர்வை. சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மெஷ் துருப்பிடிக்கும்.

எங்கள் தளத்தின் மேல் ஒரு சாக்குத் துணிகூட இல்லை.

இப்போது போய்க் குனிந்து பார்த்தால் வடமேற்கு மூலையில் பெரணி இலை அச்சடித்தது போலக் கோடுகள் தெரிகின்றன. நடுத்தண்டு, இரண்டு பக்கமும் பிரிகிற நரம்புகள், முடிபோல மெல்லியதாக. ஈரக் கான்கிரீட்டின் மேல் வளர்ந்த பனிப்படிகத்தின் தடம் அது. பனி கரைந்துவிட்டது, அச்சு நிற்கிறது. யாராவது உங்களிடம் 'அது டிசைன்' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

படத்தில் தளம் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. குளிரில் மேலே கசிகிற தண்ணீர் சீக்கிரம் காயாது. காயும்வரை காத்திருக்காமல் சிமென்ட் பொடியைத் தூவி, உறிஞ்ச வைத்து, இரும்புக் கரண்டியால் தேய்த்திருக்கிறார்கள். அதனால் மேலே 3 மில்லிமீட்டரில் பலமில்லாத ஒரு தோல். இப்போது அது அப்பளம்போல் கழன்று வருகிறது. வெளித்தளத்துக்குத் துடைப்பக் கோடுதான் போடவேண்டும். உறைபனியில் காலும் வழுக்காது.

ஒரு மூலையை உடைத்துப் பார்த்தோம். ஓரப் பலகையை ஒட்டி 100 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறது. முக்கால் மீட்டர் உள்ளே போனதும் 60. நடுவில் மண்ணை மேடாக விட்டு, விளிம்பில் மட்டும் ஆழம் காட்டியிருக்கிறார்கள். இந்த வகையில் மட்டும் கிட்டத்தட்ட 1 கன மீட்டர் மிச்சம் பிடித்திருப்பார்கள், அதாவது ஏழு மூட்டை சிமென்ட்டும் அதற்கான மணல் ஜல்லியும். ஜி5 கிராவலைக் கண்ணில் காணோம், கறுப்பு மேல்மண் அப்படியே கிடக்கிறது. மெஷ் மண்ணோடு மண்ணாக அடியில் ஒட்டிக்கிடக்கிறது. கனத்தின் நடுவுக்கு மேலே நிற்கவேண்டிய கம்பி அது. அடியில் கிடந்தால் விரிசலைப் பிடிக்காது. போடுவதற்கு முன் எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு நூலைக் கட்டி, நூலிலிருந்து தரை வரை டேப் விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். விரிசல் கண்ட இடத்தில் விழாமல் இருக்கத் தளத்தில் கோடாக வெட்டிவிடும் வெட்டு மூட்டும் இல்லை. 100 மில்லிமீட்டர் தளத்துக்கு 3 மீட்டருக்குள் ஒரு வெட்டு வேண்டும், 25 மில்லிமீட்டர் ஆழம், போட்ட மறுநாளுக்குள். கரண்டியால் ஒரு கீறல் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தளம் தானே தன் மூட்டைப் போட்டுக்கொண்டது: குழியிலிருந்து ஐந்து விரிசல், சக்கரத்து ஆரம்போல.

குழியைப் பற்றிச் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. தனி அடித்தளம் கிடையாது, ஈரம் கசிந்து போக அடியில் ஜல்லி கிடையாது, காற்றுத் துளை கிடையாது. தளத்தின் மேலேயே சாதாரண சிமென்ட் செங்கல், சாதாரணச் சாந்து, உள்ளே அழகுக்கு ஆற்றுக் கூழாங்கல். கூழாங்கல்லுக்குள் தண்ணீர் நிற்கும். சூட்டில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல் வெடிக்கும். வெடித்தது. ஒரு சில்லு நெருப்பைத் தாண்டி மூன்று மீட்டர் தள்ளியிருந்த கண்ணாடிக் கதவில் பட்டுத் தெறித்தது. குழந்தைகள் உட்காரும் உயரம் அது. சிமென்ட் சாந்து 400, 500 டிகிரிச் சூட்டுக்கு மேல் பொடியாகத் தொடங்கும். விறகுக் கங்கு அதைச் சுலபமாகத் தாண்டும். அதனால்தான் உள்சுவர் ஃபயர் பிரிக், 2, 3 மில்லிமீட்டர் மூட்டு, சூடு தாங்கும் சாந்து. தளத்தில் துளை விட்டு, அதற்குள் 150 மில்லிமீட்டர் ஜல்லிமேல் குழி தனியாக நிற்கவேண்டும். நெருப்பு கான்கிரீட்டைத் தொடவே கூடாது.

கடைசித் தவணை 13,700 எப்படிப் போனது தெரியுமா? ஐந்தாம் நாள் மாலை குழியில் விறகு எரிகிற படம் வந்தது. "எரிகிறது பாருங்கள் அண்ணா, சனிக்கிழமை பிராய்க்கு வாருங்கள்." (பிராய் என்றால் நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து.) பள்ளி விடுமுறை, வீடே சந்தோஷத்தில் இருந்தது. 28 நாள் ஆறாத சாந்தில் நெருப்பு மூட்டியதே குற்றம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் 68,500 முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் வந்த பதில்கள். முதலில்: "கான்கிரீட் என்றால் விரிசல் விடத்தான் செய்யும் அண்ணா." பனியைப் பற்றிக் கேட்டால்: "இது ஆப்பிரிக்கா, கனடா இல்லை." 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் டர்பன்-ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையே பனியில் மூடி வண்டிகள் ராத்திரி முழுக்கச் சிக்கிக் கிடந்தது எந்தக் கண்டத்தில்? மூன்றாவது முறை: "சீலர் அடித்தால் சரியாகிவிடும், 4,800 அனுப்புங்கள்." 68,500 வாங்கிவிட்டு இன்னும் 4,800! நான்காவது முறையிலிருந்து இரண்டு நீல டிக் மட்டும்.

செயலியில் புகார் எண் கொடுத்தார்கள். 72 மணி நேரம் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. "நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, வேலையின் தரம் உங்கள் இருவருக்கும் இடையிலானது" என்று மூன்று வரி. பச்சை முத்திரை எதைச் சரிபார்த்தது என்று கேட்டோம். அடையாள அட்டையும் வங்கிக் கணக்குமாம். ஒரு தளத்தைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. நாங்கள் படத்தோடு எழுதிய விமர்சனம் 'விதிமுறைக்கு ஏற்றதல்ல' என்று நீக்கப்பட்டது. அந்த ஆளுக்கு இன்றும் 4.8.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, சேவை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பவோ கேட்கலாம். எழுத்தில் கேட்டாயிற்று. வக்கீல் தேவையில்லாத சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைதான் கேட்க முடியும். 68,500க்கு அங்கே இடமில்லை, மிச்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. இதையும் கணக்குப் போட்டுத்தான் இறங்குகிறார்கள் போல.

விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப் போவதை மறையும் முன் நேரில் பாருங்கள், முடியாவிட்டால் அந்த ஊரில் ஒருவரை நிறுத்துங்கள். ரெடிமிக்ஸ் என்றால் லாரியின் டெலிவரி சீட்டு கையில் வராமல் இரண்டாவது தவணை கிடையாது. ராத்திரி 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால், கம்பளி கண்ணில் படாமல் கலவை போட விடாதீர்கள். கடைசிப் பணம் 28 நாள் கழித்து. கூழாங்கல் வேண்டவே வேண்டாம். காட்டுத் தீ அபாயம் சிவப்பில் இருக்கிற நாளில் திறந்தவெளி நெருப்பு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மலையிலிருந்து இறங்கும் சூடான, வறண்ட பெர்க் காற்று வீசும்போது குழியைத் தொடாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை உடைக்க ஆள் வருகிறது. ஐந்து டன் கிட்ட இடிபாடு இருக்கும், அதை அள்ளிப்போடும் செலவு தனி. அண்டர்பர்க், ஹிம்வில் பக்கம் இதே பச்சை முத்திரையை நம்பிப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தளத்தின் நடுவில் ஒரு துளை போட்டுக் கனம் எத்தனை என்று அளந்து எழுதுங்கள்.