வெல்டிங் மெஷினுக்கு எர்த் போடுறேன்னு 28,500 ரூபாய் போச்சு, கோத்தகிரிக்காரங்க கவனிங்க

இன்னைக்குக் காலையில எர்த் குழியைத் தோண்டிப் பார்த்த கையோட எழுதுறேன். 28,500 ரூபாய். ஆள் அனுப்புற ஒரு ஆப்புல புக் பண்ணி, 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷினுக்குத் தனி லைன், ஆர்சிசிபி (போற கரண்டும் திரும்புற கரண்டும் வித்தியாசப்பட்டா லைனை வெட்டுற சுவிட்ச்), எர்த் பிட் (கசியிற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற குழி) மூணுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு. குழிக்குள்ள இருந்தது ரெண்டடி ராடு. கரி இல்ல, உப்பு இல்ல, தண்ணி ஊத்தக் குழாய் இல்ல. மேல மட்டும் புது சிமெண்ட் மூடி, பச்சை பெயிண்ட்ல "எர்த்"னு அழகா எழுதியிருக்கு.

நம்பினது டெஸ்ட் லேம்பைப் பார்த்து. வந்த எலக்ட்ரீஷியன் நூறு வாட் குண்டு பல்பை மெயின் சுவிட்ச் ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவுல பிடிச்சாரு, பளிச்சுன்னு எரிஞ்சுது. "பாத்துக்கங்கண்ணா, எர்த் எப்படி இழுக்குது"ன்னாரு. அடுத்து ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன். டப்புன்னு விழுந்துச்சு. வேலை முடிஞ்சுதுன்னு ஓடிபி சொல்லியாச்சு, காசும் போட்டாச்சு.

பல்பு எரிஞ்சது எர்த்துல இல்ல, நியூட்ரல்ல, அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர்ல. மெயின் சுவிட்ச் நியூட்ரல் லிங்க்ல இருந்து, ஆர்சிசிபிக்கு முன்னாடியே, ஒரு பச்சை ஒயரை எர்த் கட்டைக்கு லூப் அடிச்சிருக்காரு. டெஸ்ட் பட்டனும் எர்த்தைப் பார்க்காது. உள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா ஆர்சிசிபி தன்னையே சோதிச்சுக்கும், அவ்வளவுதான்.

நியூட்ரல் நல்லா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா மழைக்காலத்துல கற்பூர மரக் கிளை லைன்ல விழாத ஊரா இது? போன வாரம் போஸ்ட்ல நியூட்ரல் அறுந்துச்சு. லைட் மங்குச்சு, மெஷின் நின்னுச்சு, பாடி முழுக்க கரண்ட். ஈர கிளவுஸோட தொட்ட பையனைத் தூக்கி அடிச்சுது. நல்லவேளை, பிழைச்சான். ஆர்சிசிபி விழவே இல்ல. எப்படி விழும்? ஃபேஸ்ல உள்ள போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல வெளிய வந்து, அதுக்கப்புறம்தான் லூப் வழியா பாடிக்குத் திரும்புது. ஆர்சிசிபி கணக்குல ரெண்டும் சமம்.

லூப்பைக் கழட்டிட்டு எர்த் டெஸ்டர் (மண்ணோட தடையை அளக்குற மீட்டர்) வச்சா, ராடு 340 ஓம். ஃபேஸ் பாடில பட்டாலும் 230 வோல்ட்டுக்கு 0.7 ஆம்ப் கூட ஓடாது. 32 ஆம்ப் எம்சிபிக்கு (கரண்ட் அளவுக்கு மீறினா விழுற சுவிட்ச்) அது ஒரு பல்பு எரியிற மாதிரிதான்.

ஆளைக் கூப்பிட்டா, "பாறைண்ணா, அதுக்கு மேல இறங்கல, மலையில எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க." அதே குழியில இன்னைக்குக் கடப்பாரை அஞ்சடி இறங்குச்சு, அத்தனையும் செம்மண்ணு. ஆப்புல கேட்டா முதல்ல "48 மணி நேரம்". அப்புறம் "எர்த் பிட் வாரண்டியில வராது சார்". கடைசியா "ஓடிபி கொடுத்துட்டீங்களே சார்". டிக்கெட்டை மூடிட்டாங்க. 28,500 ரூபாய்!

முறையா போட்டா 40 மில்லி ஜிஐ பைப், 2.5 மீட்டர், சுத்தி கரியும் உப்பும் மாத்தி மாத்தி அடுக்கு. நிஜமாவே பாறை இருந்தா ரெண்டு மூணு குழி, ஒண்ணுக்கொண்ணு 5 மீட்டர் தள்ளி, எல்லாத்தையும் கம்பியால சேர்க்கணும். நம்ம மழை உப்பைக் கரைச்சுக் கொண்டு போயிரும், அதனால வருஷா வருஷம் அளக்கணும், அதுவும் மண்ணு காஞ்சிருக்கிற மார்ச்ல. 5 ஓம் வந்தாலும் 46 ஆம்ப்தான், எம்சிபி உடனே விழாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருந்தே ஆகணும்.

இன்னொண்ணு, "எர்த் கிளாம்ப்"னு நாம சொல்ற கிளாம்ப் எர்த்தே இல்ல, வெல்டிங் கரண்ட் திரும்புற வழி. அந்த ஆள் அதை ஷெட்டு தூண்ல மாட்டிட்டுப் போயிருக்காரு. வெல்டிங் கரண்ட் நூறு ஆம்புக்கு மேல அங்கங்க சுத்தி மெல்லிசு எர்த் ஒயரை எரிச்சிரும். வேலை செய்யிற இரும்புலயே, பத்த வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்போ மனசு இல்ல. குழியை மூடுறதுக்கு முன்னாடி டேப் வச்சுப் பைப்பை அளங்க. மெஷின் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வைங்க, சுத்தமா சைபர் காட்டினா லூப் அடிச்சிருக்குன்னு சந்தேகப்படுங்க. எர்த் டெஸ்டர் கொண்டு வராத ஆளுக்கு ஓடிபி சொல்லாதீங்க.